சிஆர்பி மீட்டர் வாங்குமுன்: மாநகராட்சி சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சிப் பொதுச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

காய்ச்சலோடு வருகிறவருக்கு ஆன்டிபயாடிக் தேவையா என்று பார்க்க, விரல்நுனி ரத்தத்திலேயே சிஆர்பி (உடலில் அழற்சி வந்தால் ரத்தத்தில் ஏறும் சி-ரியாக்டிவ் புரதம்) அளக்கும் சிறு கருவிகள் இப்போது சந்தையில் நிறைய. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அவை வந்தால் நல்லதுதான். கண்ணாடித் துண்டில் திரிகிறதா என்று கண்ணால் பார்க்கும் லேட்டக்ஸ் ஸ்லைடு சோதனை, லிட்டருக்கு 6 மி.கி. அளவைத் தாண்டினால் ‘பாசிட்டிவ்’ என்பதோடு நின்றுவிடும்; 8-ம் 180-ம் அதற்கு ஒன்று. ஆனால் டெண்டரில் ஒரு சோதனைக்கு என்ன விலை என்று மட்டும் கேட்டு வாங்கினால், கருவி எண்ணைக் காட்டும், அந்த எண்ணை நம்ப முடியாது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஹீமாட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. சிஆர்பி இருப்பது பிளாஸ்மா என்ற திரவப் பகுதியில்; நாம் வைப்பதோ முழு ரத்தம். மலிவான பல கருவிகள் எல்லோருக்கும் ஹீமாட்டோகிரிட் 40% என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகின்றன. பிளாஸ்மாவில் உண்மையில் 100 மி.கி. இருக்கும் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தசோகையால் ஹீமாட்டோகிரிட் 25% என்றால், அந்தக் கருவி 125 காட்டும். டெங்குவில் ரத்தம் கெட்டியாகி 50% ஆனவருக்கு அதே 100, 83 ஆகிவிடும். இரண்டு வகை நோயாளிகளும் நம் நிலையங்களுக்குத் தினமும் வருகிறவர்கள். ‘ஒவ்வொரு மாதிரியிலும் ஹீமாட்டோகிரிட்டை அளந்தோ, உள்ளிட வைத்தோ திருத்தம் செய்ய வேண்டும்’ என்ற ஒரு வரியை டெண்டரில் சேருங்கள்.

அடுத்தது ஹூக் விளைவு: சிஆர்பி மிக அதிகமானால் எண் குறைந்து காட்டுவது. கருவிக்குள் செருகும் சோதனைப் பட்டையில் தங்க நுண்துகள் ஒட்டிய ஆன்டிபாடி சிஆர்பியைப் பிடித்துச் செல்ல, நைட்ரோசெல்லுலோஸ் தாளில் கோடாகப் பதித்த இன்னொரு ஆன்டிபாடி அதை அங்கே நிறுத்துகிறது. கோட்டின் அடர்த்திதான் எண்ணாகிறது. சிஆர்பி அளவுக்கு மீறி இருந்தால் இரண்டு ஆன்டிபாடியும் ஆளுக்கொரு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இணைப்பு நடக்காது, கோடு மங்கும். செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) நோயாளிக்குச் சுமாரான எண் வருவது இப்படித்தான். சோதிப்பது எளிது: பெரிய ஆய்வகத்தில் 300-க்கு மேல் வந்த சீரத்தை (உறைந்த ரத்தத்திலிருந்து பிரித்த நீரை) வாங்கி, அப்படியே ஒருமுறையும், கிட்டின் பஃபரில் பத்து மடங்கு நீர்த்து ஒருமுறையும் ஓட்டுங்கள். நீர்த்ததன் விடையைப் பத்தால் பெருக்கினால் நேரடி விடையைவிட வெகுவாகக் கூடுகிறதா? அளவின் உச்சியைத் தாண்டியது என்றும் கருவி எச்சரிக்கவில்லையா? திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வெயிலைச் சொல்லாமல் முடியாது. பட்டை அடங்கிய கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றின் உறையில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்றுதான் அச்சிட்டிருக்கும். கத்திரி வெயிலில் மூடிய டெலிவரி வேனுக்குள் அது நடக்காது. ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்றால், தடுப்பூசிக்கான ஐ.எல்.ஆர். குளிர்ப்பெட்டியில் வேறெதையும் வைக்கக் கூடாது. தனி ஃப்ரிட்ஜ் வேண்டும். குளிரிலிருந்து எடுத்த உறையை உடனே கிழித்தால் கடற்காற்றின் ஈரம் பட்டையில் வியர்க்கும், ஓட்ட வேகம் மாறும். மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். திறந்ததை நாளைக்கு என்று எடுத்து வைக்கவே கூடாது.

செவிலியர்களுக்கான பயிற்சி பெரும்பாலும் ஒரு துளியைப் பற்றியது. ஸ்பிரிட் முழுதும் காய்ந்தபின் விரலின் பக்கவாட்டில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, இரண்டாவதை எடுக்க வேண்டும். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் குறையும். ரத்தத்தை உறிஞ்சும் கேபிலரி நுண்குழாய்க்குள் குமிழி இருந்தால் 5 மைக்ரோலிட்டர் 4 ஆகிவிடும். வெளிச்சுவரில் ஒட்டிய ரத்தத்தைத் துடைக்காவிட்டால் கூடிவிடும்.

தினமும் காலையில் தாழ்ந்த அளவு, உயர்ந்த அளவு என இரண்டு கன்ட்ரோல் (அளவு முன்கூட்டியே தெரிந்த மாதிரி) போட்டுக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். புது லாட் (தயாரிப்புத் தொகுதி) பெட்டி திறந்தால் அதன் சிப்பையோ க்யூஆர் குறியீட்டையோ மாற்றியாக வேண்டும். மாதம் ஐந்தாறு மாதிரிகளை டர்பிடிமெட்ரி (கலங்கலை ஒளியால் அளக்கும் முறை) இருக்கும் ஆய்வகத்துக்கும் அனுப்பி ஒப்பிடுங்கள். இவற்றுக்கான கார்ட்ரிட்ஜ் செலவை டெண்டர் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் கன்ட்ரோல் போடுவது நின்றுபோகும்.

அலகு எல்லா நிலையங்களிலும் ஒன்றாக இருக்கட்டும்: லிட்டருக்கு மில்லிகிராம். ஓர் ஆய்வகம் டெசிலிட்டருக்கு (100 மி.லி.) மில்லிகிராமாகத் தந்த 10, உண்மையில் லிட்டருக்கு 100. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-இல் நுரையீரல் தொற்றுக்கு வகுத்த 20 (அதற்குக் கீழ் பொதுவாக ஆன்டிபயாடிக் வேண்டாம்), 100 (அதற்கு மேல் கொடு) என்ற எல்லைகளோடு அதை அப்படியே ஒப்பிட்டால் முடிவு தலைகீழ். அந்த எல்லைகளையும் இங்கே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. உண்ணிப்பூச்சி கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலிலும் சிஆர்பி ஏறும், அதற்கு வேண்டியது டாக்ஸிசைக்ளின், அமாக்ஸிசிலின் அல்ல. காய்ச்சல் தொடங்கி ஆறேழு மணி நேரத்தில் வந்தவரின் குறைந்த எண்ணுக்கும் அதிகப் பொருளில்லை. மறுநாள் மீண்டும் பார்க்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். செயல்விளக்கத்தை ரிப்பன் மாளிகையின் ஏசி அறையில் வைக்காதீர்கள். மே மாதத்தில், பிற்பகல் 2 மணிக்கு, ஏசி இல்லாத ஒரு நிலையத்தில், அங்குள்ள செவிலியரின் கையால் செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சென்னை உயிர்வேதியியல் ஆய்வகங்களில் பணிபுரிவோர் சிலர்