அந்த மெயிலை இன்னும் அனுப்பாதே

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ வாசித்துக் காட்டிய மெயில் இன்னும் காதிலேயே இருக்கிறது. மூன்று வாரமாக உன் வேலையை இழுத்தடிக்கிறார்கள், கோபம் வரத்தான் செய்யும். கோபப்படாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த இங்கிலீஷில் உன் கோபம் வேறு மாதிரி ஒலிக்கிறதே என்றுதான் வருத்தம்.

'ஹவ் மெனி டைம்ஸ் ஷுட் ஐ டெல் யூ' என்று ஆரம்பித்திருந்தாய். 'எத்தனை தடவை சொல்றது?' என்று நம் வீட்டில் நாளுக்குப் பத்து முறை கேட்கிறோம், யாருக்கும் சுருக்கென்று இருப்பதில்லை. அதையே இங்கிலீஷில் படிப்பவருக்குச் சின்னப் பிள்ளையை அதட்டுவது போலிருக்கும். உன் தொனியைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதுவார், தாமதத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படி எழுதி, கடைசியில் நானே மன்னிப்புக் கேட்கும்படி ஆனது.

உனக்கு வந்திருப்பது எது என்று முதலில் தமிழிலேயே யோசித்துப் பார். சின்ன எரிச்சல் என்றால் 'அனாய்ட்'. மனசு நொந்திருந்தால் 'அப்செட்'. பொறுத்துப் பொறுத்துச் சலித்துவிட்டதென்றால் 'ஃபெட் அப்'. என்ன செய்தும் வேலை நகரவில்லையே என்ற ஆற்றாமைக்கு 'ஃபிரஸ்ட்ரேட்டட்'. உன்னுடையது இதுதான் என்று நினைக்கிறேன். அப்புறம், 'மேட்' வேண்டாம். அமெரிக்கர்களுக்கு அது கோபம், பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெரும்பாலும் பைத்தியம்.

தமிழில் 'எனக்குக் கோபம் வருது' என்கிறோம். அது வரும், போகும். 'ஐ ஆம் ஆங்ரி' என்றால் அடுத்து வரும் சொல்லைப் பார்த்துப் போட வேண்டும். 'வித் யூ' என்றால் ஆள் மேல் பாயும், 'அபௌட் த டிலே' என்றால் தாமதத்தோடு நிற்கும். 'யூ ஆல்வேஸ்' என்றும் எழுதாதே, என்றோ ஒருநாள் ஒழுங்காகச் செய்ததைக் காட்டித் தப்பித்துக்கொள்வார். 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' பேருக்குத்தான் மரியாதை, படித்தால் குத்தும்.

'ஐ ஆம் ஃபிரஸ்ட்ரேட்டட் பை த டிலே. ஐ நீட் அன் ஆன்ஸர் பை ஃப்ரைடே.' இந்த இரண்டு வரி போதும்மா.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார். ராத்திரி எந்நேரமானாலும் சரி, போன் பண்ணு, நான் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா