புள்ளைக்கு என்ன அனுப்பலாம்?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சாள்,

உன் கடிதம் கிடைத்தது. சிறுபோக அறுவடை நல்லபடி முடிந்ததென்று எழுதியிருந்தாய், சந்தோசம். இங்கே கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. வாசலைக் கூட்டி முடிக்க முன்னமே மறுகா மண் வந்து நிற்கிறது. அடுத்த கிழமை ஆயித்தியமலைத் திருவிழாவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். முழங்கால் விட்டால் நானும் போவேன்.

மகளைப் பற்றி நீ எழுதிய பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கன்னியாஸ்திரியாகத் தான்சானியாவுக்குப் போன புள்ளைக்கு அங்கே இது முதல் நத்தார், பார்சலுக்குள் என்ன வைப்பதென்று தெரியவில்லை, கடிதம் எழுதக் குந்தினால் அழுகைதான் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். தம்பி சாம்பியாவில் குருவாக இருந்த காலம் முழுக்க எங்கட வீட்டில் பார்சல் கட்டுகிற வேலைதான். அதில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, பார்சலை அவளுக்கு மட்டும் என்று கட்டாதே. துறவற வீட்டில் வருகிற பொருள் எல்லாருக்கும் பொது. அங்கே எத்தனை சகோதரிகள் இருக்கிறார்கள், அவர்கள் எந்த ஊர், மடத்தில் சமைக்கிறவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள். அவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொன்று போகவேணும். புள்ள நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஓடுகிறவள். 'இது எங்கட ஊர்ச் சாமான், எடுங்க' என்று தன் கையால் கொடுக்க அவளிடம் ஏதாவது இருந்தால் அதைவிடச் சந்தோசம் அவளுக்கு வேறில்லை. தம்பிக்கு வீட்டு ஞாபகம் குறைந்தது எங்கட தின்பண்டத்தைத் தின்று அல்ல, அதைப் பங்கு போட்டுக் கொடுத்துத்தான்.

சாப்பாட்டுச் சாமானில் அவசரப்படாதே. கறுவா, கராம்பு எல்லாம் அந்த நாட்டிலேயே விளைகிறது, சான்சிபார் கராம்பு உலகம் முழுக்கப் போகிறது. கருவாடு வேண்டாம், மீனும் இறைச்சியும் கண்டால் சுங்கத்தில் மறித்துவிடுவார்கள். காத்தான்குடித் தொதல் அவளுக்கு உயிர் என்று எனக்கும் தெரியும், ஆனால் அது வழியிலேயே எண்ணெய் விட்டுப் பெட்டியை நாசமாக்கிவிடும். வறுத்து அரைத்த தூள், தடிமனுக்குக் குடிக்கிற சமஹன் மூலிகைப் பக்கெற்றுகள், வறுத்த முந்திரிப்பருப்பு போதும். தூளை நன்றாக ஆறவிட்டு, இரண்டு உறைக்குள் போட்டு ஒட்டு. சூட்டோடு கட்டினால் வேர்த்துக் கட்டிபட்டுவிடும்.

இதையெல்லாம் விட நான் சொல்வது பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி. அங்கேயும் சாம்பியாவைப் போல அன்றாடச் சாப்பாடு சோளமாவில்தான். அவர்கள் அதைக் களிபோலக் கிண்டி 'உகாலி' என்கிறார்கள். தம்பி அந்த மாவை இளஞ்சூட்டில் வறுத்து, உப்புத் தண்ணீர் தெளித்துக் கொத்தி, நீத்துப்பெட்டியில் வைத்து அவித்தான். தேங்காய் கிடைக்காத நாளில் நிலக்கடலையை இடித்துத் தூவுவானாம். மறுகா பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துப் பழகி, திருநாளென்றால் அவர்களே அவித்துக்கொண்டு வந்தார்களாம். பனையோலைப் பெட்டிக்குப் பாரமும் இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக நாலைந்தை அடுக்கலாம். புதுசாகப் பார்த்து வாங்கி, நல்ல வெயிலில் காயவைத்து, பூச்சி இல்லையென்று பார்த்து அனுப்பு.

துணி என்றால் மருதமுனைக் கைத்தறிதான். உனக்குக் கிட்டத்தானே. அந்த நாட்டுப் பெண்கள் 'கங்கா' என்று நிறமான துணியை இடுப்பில் சுற்றுவார்கள், தோளில் போடுவார்கள், பிள்ளையை முதுகில் கட்டுவார்கள். அவர்களுக்கு நல்ல நெசவின் அருமை தெரியும். இன்னொன்று, 2019 யூன் மாதத்திலிருந்து தான்சானியாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. அதனால் கடைப் பைகளில் ஒன்றையும் சுற்றாதே. பழைய சாரத்தை வெட்டிச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து அதற்குள் போடு. பைகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உதவும்.

பெட்டியில் மிச்ச இடைவெளியை ஊர்ப் பத்திரிகையால் அடை. தம்பி அந்தக் கசங்கின தாளை எல்லாம் தடவி விரித்து, மரண அறிவித்தல் ஈறாக வாசித்திருக்கிறான். பாதி கிழிந்த செய்திக்கு மிச்சம் என்னவென்று கேட்டுக் கடிதம் எழுதுவான்!

தபாலகத்தில் சுங்கப் படிவம் தருவார்கள். 'பலதும்' என்று எழுதிவிட்டு வராதே. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எழுதி, அன்பளிப்பு என்று போட்டு, உண்மையான பெறுமதியைக் குறி. அதிகமாகப் போட்டால் வரி கட்டப்போவது அவள்தான். அங்கே வீட்டுக்கு வீடு கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது குறைவு, தபால் பெட்டி இலக்கம்தான் விலாசம். அவள் பட்டணம் போய்த்தான் எடுக்கவேணும், ஆகவே அவளுடைய தொலைபேசி இலக்கத்தையும் பெட்டியில் எழுது. பற்றரி, வாசனைத் திரவியம், எண்ணெய்ப் போத்தல் ஒன்றும் வேண்டாம். நத்தார்ப் பார்சல் செப்டம்பரிலேயே போகட்டும். சுணங்கினால் பொங்கலுக்குத்தான் கிடைக்கும்.

இனிக் கடிதம். மச்சாள், இதுதான் பார்சலிலும் பெரியது. பவுல் சிறையில் இருந்து திமொத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவா ஊரில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த போர்வையையும் நூல்களையும் கொண்டுவரச் சொல்கிறார், குளிர்காலத்துக்கு முன் வந்துவிடு என்கிறார். அவ்வளவு பெரிய மறைபணியாளருக்கும் ஒரு போர்வை வேண்டியிருந்தது, ஒரு ஆள் வேண்டியிருந்தது. குழந்தை தெரேசாவையும் நினைத்துப்பார். லிசியே கார்மேல் மடத்தை விட்டு வெளியே போகாமல், இரண்டு மறைபணியாளருக்குச் சகோதரியாக இருந்து கடிதம் எழுதினவ. 1897இல் 24 வயதில் இறந்துபோனா. 1927இல் புனித சவேரியாரோடு அவவையும் மறைபணிகளின் பாதுகாவலியாக அறிவித்தார்கள். கடிதம் எழுதுவதைச் சின்ன வேலையாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அழுகை வந்தால் வரட்டும், எழுது. ஆனால் வரிக்கு வரி 'எப்ப வருவாய்' என்று கேட்காதே. மாமரம் காய்த்ததா, ஆர் வீட்டில் கலியாணம், கோயில் பாட்டுக்குழுவில் இப்போது ஆர் படிக்கிறார்கள், நாய் எத்தனை குட்டி போட்டது, இதெல்லாம் எழுது. தம்பி ஒருமுறை லீவில் வந்து நின்றபோது மனம் நொந்து சொன்னான்: "எல்லாரும் வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்றுதான் கேட்கிறாங்க அக்கா. நான் அங்க ஆரோட வாழுறன் என்று ஒருத்தரும் கேட்கல்ல." அதற்குப் பிறகு அவன் கடிதங்களில் வருகிற பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டேன். கால் உடைந்த கிழவர் நடக்கிறாரா, சோதனை எழுதின பிள்ளை பாஸா என்று பெயர் சொல்லிக் கேட்பேன். அவன் பதிலும் நீண்டுகொண்டே போனது. நீயும் அப்படிக் கேள். அங்கே அவளுக்கு ஒரு குடும்பம் உண்டாகியிருக்கிறது, அவர்களை நாமும் அறியவேணும்.

சின்ன உறைகள் சிலதை ஒட்டி, வெளியே 'காய்ச்சல் வந்தால் திற', 'மழை விடாத நாளில் திற', 'ஒருவரோடும் கதைக்க மனமில்லாதபோது திற' என்று எழுதி வை. மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழைக் காலம், அந்த உறை கட்டாயம் தேவைப்படும். ஒன்றில் அப்பாவின் கையெழுத்து இருக்கவேணும். அவர் எழுதமாட்டார் என்பாய், நாலு வரி போதும் என்று சொல்லு. அக்கம்பக்கத்துச் சின்னப் பிள்ளைகளைக் கொண்டு வாவியும் தோணியும் கீறுவித்து, பின்னால் அவர்கள் பெயரைப் போடு. அவள் அதை அங்குள்ள வகுப்பில் ஒட்டுவாள்.

நம்ம ஊருக்கும் இப்படித்தானே ஆட்கள் வந்தார்கள். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ற் இங்கே தனியாக வந்து இறங்கினபோது, வழியிலேயே மனைவியைக் கடலுக்குக் கொடுத்திருந்தார். அவரையும் மற்ற மிஷனரிமாரையும் கூட்டிவந்த தோமஸ் கோக்கும் கப்பலிலேயே இறந்துபோனார். ஓல்ற் பள்ளிக்கூடங்களைத் தொடங்கி, ஒரு வருசம் ஆகமுன்னமே 1815இல் இங்கேயே கண்மூடினார். பிறகு அமெரிக்காவில் இருந்து வந்த யேசு சபைச் சுவாமிமாரை நாம் கண்ணாலேயே கண்டோம். பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கின வெபர் சுவாமி நம்ம மண்ணிலேயே கிழவரானார். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தூரத்தில் ஒரு தாய் இருந்திருப்பா என்று இப்போதுதான் அடிக்கடி நினைக்கிறேன்.

நீத்துப்பெட்டியை நீ தேடவேண்டாம், இங்கே முடைகிற ஒரு அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை அக்கரைப்பற்று பஸ்ஸில் மகனிடம் கொடுத்துவிடுகிறேன், அவனிடமே மடத்தின் தபால் பெட்டி இலக்கத்தை எழுதிக் கொடு. புள்ளைக்கு நானும் ஒரு கடிதம் எழுதவேணும். அவளோடு இருக்கிற சகோதரிகளின் பெயர்களையும் மறக்காமல் எழுதி அனுப்பு.

அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் மச்சாள்