நகல் ஒன்று வேண்டும்: தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய அரசின் மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

பயிர்க் காப்பீட்டைப் பற்றி நாங்கள் போட்ட 11 நிமிட வீடியோ ஒன்று நான்கு மாதங்களுக்கு முன் இந்தியாவில் காணாமல் போனது. இந்தியாவில் என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. துபாயில் இருக்கும் என் மைத்துனர் அதை இன்றும் பார்க்கலாம். அவருக்கு நிலமும் கிடையாது, பயிரும் கிடையாது. யாருக்காகச் செய்தோமோ அவர்களுக்கு மட்டும்தான் அது தெரியாது.

நானும் என் தோழியும் சேர்ந்து நடத்தும் சின்னச் சேனல் அது. ஆங்கிலத்தில் வரும் அரசு நெறிமுறைகளை, சுற்றறிக்கைகளை உட்கார்ந்து படித்து, தமிழில் சொல்வோம். அவ்வளவுதான் வேலை. பெரிய வருமானம் இல்லை. மைக்குகூட இரவல் வாங்கியதுதான்.

ஒரு மாலை வந்த அறிவிப்பில் ஒரே ஒரு வரி: சட்டப்படியான கோரிக்கையின் காரணமாக இந்த வீடியோ உங்கள் நாட்டில் கிடைக்காது. யார் கோரினார்கள், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, 11 நிமிடத்தில் எந்த நொடி தவறு என்று எதுவும் இல்லை. வீடியோ தளத்தை நடத்தும் கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம். கோரிக்கை அனுப்பிய அரசு அமைப்பைத் தொடர்புகொள்ளுங்கள் என்றார்கள். சரி, எந்த அமைப்பு என்று கேட்டோம். அதைத் தெரிவிக்க இயலாது என்றார்கள். 10 ரூபாய் கட்டணம் செலுத்தித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஓர் அலுவலகத்தைக் கேட்டோம். ரகசியம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் முப்பதாவது நாள்தான் அனுப்பினார்கள். அதில் மட்டும் விதி தவறவில்லை.

அந்த வீடியோ சரியென்று வாதாட நான் இந்த மடலை எழுதவில்லை. அதை நீக்கச் சொன்ன உத்தரவின் நகல் ஒன்று எங்களுக்கு வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

நகல் இல்லாமல் எங்கள் பாடு என்னவாக இருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். அந்த வீடியோவை இருவரும் இருபது தடவையாவது பார்த்திருப்போம். மூன்றாவது நிமிடத்தில் ஒரு கேலி இருந்தது: இழப்பீட்டுப் பணம் வருவதற்குள் அடுத்த போகம் கதிர் முற்றிவிடும் என்று. அதுவா? ஏழாவது நிமிடத்தில் ஒரு தவறு இருந்தது. ராபி பருவத்துக்கு விவசாயி கட்டும் பிரீமியம் 1.5 சதவீதம் என்பதை, காரிஃப் பருவத்தின் கணக்கில் 2 சதவீதம் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்று இரவே பின்னூட்டத்தில் திருத்தினோம். அதுவா? ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு அதிகாரி பொதுமேடையில் பேசியதை அப்படியே பத்து நொடி காட்டினோம். அவர் சங்கடப்பட்டிருப்பாரோ? தோழிக்கு இன்னொரு சந்தேகம். முகப்புப் படத்தில் காய்ந்த வயலுக்குப் பக்கத்தில் அரசு முத்திரை இருந்தது, அதுவாக இருக்குமோ என்கிறாள். சம்மன் கையில் இருந்தால் வழக்கை எதிர்கொள்ளலாம். எங்களிடம் இருப்பது யூகம் மட்டும்தான்.

யூகத்தின் விளைவையும் கேளுங்கள். அடுத்த வீடியோவில் கேலி இல்லை. அதற்கடுத்ததில் அதிகாரி யாரையும் காட்டவில்லை. இப்போது முகப்பில் ஒரு தென்னை மரம் மட்டும் இருக்கிறது. எங்களிடம் யாரும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. எதை நிறுத்த வேண்டும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் நாங்களாகவே நிறுத்திக்கொண்டிருக்கிறோம்.

வீடியோவோடு பின்னூட்டங்களும் போயின. அதில் ஒரு அம்மா கேட்டிருந்தார்: நிலம் இறந்துபோன கணவர் பெயரில் இருக்கிறது, பட்டா மாறவில்லை, ஆனால் கிராம நிர்வாக அலுவலர் என் பெயரில் அடங்கல் தருகிறார், நான் காப்பீடு செய்யலாமா என்று. வேளாண்மை அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். விசாரித்தும் வைத்திருந்தேன். பதில் சொல்ல இடம் இல்லை. அவர் யார், எந்த ஊர் என்றும் எனக்குத் தெரியாது. காப்பீட்டுக்கான கடைசித் தேதி தாண்டிவிட்டது.

ஹெல்மெட் போடாமல் போனால் அபராதச் சீட்டு வருகிறது. வண்டி எண், இடம், நேரம், பிரிவு, சில சமயம் போட்டோவும் சேர்த்து வருகிறது. தெருவோர ஆக்கிரமிப்பை இடிக்கும்போதுகூட சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவில் இடம்பிடித்த பேச்சுக்கு, ஹெல்மெட்டுக்குக் கிடைக்கும் மரியாதை வேண்டும் என்று கேட்பது பேராசையா?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2004-ல் பாஸி டாட் காம் தளத்தில் யாரோ ஒருவர் ஆபாச வீடியோவை விற்பனைக்குப் போட, தளத்தின் தலைமை அதிகாரியைக் கைது செய்தார்கள். அடுத்தவன் போட்டதற்கு இடம் கொடுத்தவன் எவ்வளவு பொறுப்பு என்ற கேள்வி அங்கேதான் பெரிதாக எழுந்தது. 2008 திருத்தத்தில் இடைநிலையாளர்களுக்கு, அதாவது அடுத்தவர் பதிவுக்கு இடம் கொடுக்கும் தளங்களுக்கு, 79-ஆவது பிரிவின் பாதுகாப்பு விரிவானது. நல்லதுதான். தபால்காரரைக் கடிதத்துக்காக அடிக்கக் கூடாது. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. அரசோ நீதிமன்றமோ சொன்னால் உடனே நீக்க வேண்டும். முன்பு அதற்கு 36 மணி நேரம் இருந்தது. இந்த 2026 பிப்ரவரி 20 முதல் 3 மணி நேரம்.

மூன்று மணி நேரத்தில் ஒரு கம்பெனி என்ன செய்யும்? எங்கள் வீடியோவால் அவர்களுக்குக் கிடைக்கும் விளம்பர வருமானம் ஒரு டீக்குக் காணாது. நீக்காமல் விட்டால் சட்டப் பாதுகாப்பு போகும், வழக்கு வரும். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் காபி குடிக்கப் போவேன். எனவே கம்பெனி எங்களுக்காக வாதாடும் என்று எதிர்பார்ப்பது வீண். வாதாட வேண்டியவர்கள் நாங்கள். அதற்குத்தான் நகல்.

இந்தத் தளங்களுக்காக அதே சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகளில் ஒரு விசித்திரம் இருக்கிறது. விதி 4(8)-ன்படி, பெரிய சமூக ஊடக நிறுவனம் ஒரு பதிவைத் தானாக முன்வந்து நீக்கினால், நீக்கும் முன் காரணத்தைச் சொல்லி அறிவிக்க வேண்டும், மறுத்துப் பேச வாய்ப்புத் தர வேண்டும். நன்றாக எழுதப்பட்ட விதி. ஆனால் அரசு சொல்லி நீக்கினால் இந்தக் கடமை இல்லை. தனியார் கம்பெனி எங்களுக்குக் காட்ட வேண்டிய நாகரிகத்தைச் சட்டம் போட்டு வாங்கித் தந்த அமைச்சகம், அரசுக்கு மட்டும் விலக்கு அளித்துக்கொண்டது.

உச்ச நீதிமன்றம் இதைப் பேசாமல் விடவில்லை. ஷ்ரேயா சிங்கால் வழக்கில், 2015 மார்ச் 24 அன்று, இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கும் 66-ஏ பிரிவை ரத்து செய்தது. இணையப் பதிவுகளைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் தரும் 69-ஏ பிரிவை நிற்க வைத்தது. ஏன் நிற்க வைத்தது? காரணம் எழுத்தில் பதிவாக வேண்டும், பதிவிட்டவர் யார் என்று தெரிந்தால் அவரையும் கேட்க வேண்டும் என்ற பாதுகாப்புகள் இருக்கின்றன என்பதால். எங்களைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சேனலின் அறிமுகப் பக்கத்தில் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இருக்கின்றன. அந்த எண்ணுக்கு தினமும் கடன் வேண்டுமா என்று நான்கு பேர் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் 69-ஏ பிரிவுக்கான 2009-ன் தடை விதிகளில் 16-ஆவது விதி எல்லாவற்றையும் ரகசியம் என்று மூடிவிடுகிறது. 79-ன் வழியாக வரும் உத்தரவுகளுக்கோ பதிவிட்டவரைக் கேட்கும் நடைமுறையே கிடையாது. எங்களுக்கு வந்தது இரண்டில் எது என்பதும், எங்களுக்குத் தெரியாத பட்டியலில் சேர்கிறது.

நீக்கச் சொல்லும் உத்தரவுகளைக் கம்பெனிகளுக்கு அனுப்ப உள்துறை அமைச்சகம் 2024-ல் தொடங்கிய இணைய வாசலுக்கு சஹயோக் என்று பெயர். ஒத்துழைப்பு என்று பொருள். அழகான பெயர். அதிகாரி ஒரு பக்கம், கம்பெனி மறுபக்கம், நடுவில் ஒத்துழைப்பு. பேசியவனுக்கு மட்டும் அந்த வாசலில் திண்ணைகூட இல்லை. அதை எதிர்த்து எக்ஸ் (முன்பு ட்விட்டர்) நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றம் போனது. 2025 செப்டம்பர் 24 அன்று மனு தள்ளுபடியானது. 19-ஆவது பிரிவு குடிமக்களுக்கானது, வெளிநாட்டுக் கம்பெனி அதன் நிழலில் ஒதுங்க முடியாது என்றது நீதிமன்றம். ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் அதன் முதலாளியான உலகப் பணக்காரரின் கருத்துரிமை பற்றிப் பெரிய கவலை இல்லை. ஆனால் நிலைமையைப் பாருங்கள். உத்தரவு கையில் இருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. உரிமை இருக்கும் எனக்கு உத்தரவு வருவதில்லை. அப்படியென்றால் இதைக் கேள்வி கேட்கத் தகுதியுள்ளவர் இந்த நாட்டில் யார்?

விகடன் இணையதளத்தை ஒரு கார்ட்டூனுக்காக 2025 பிப்ரவரியில் முடக்கியபோது, அவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று மார்ச்சில் உத்தரவு வந்தது. அவர்களுக்கு வாசகர் இருக்கிறார்கள், வழக்கறிஞர் இருக்கிறார்கள், முடங்கினால் ஊரே பேசும். இரவல் மைக்குக்கு யார் பேசுவார்கள்?

நீக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் தோழியின் முகத்தை வெட்டி ஒட்டி ஒருவன் அசிங்கமான படம் போட்டான். புகார் கொடுத்தோம். எங்கள் சமூக விதிகளை இது மீறவில்லை என்று பதில் வந்தது. மறுபடி மறுபடி எழுதி, பதினோராவது நாள் எடுத்தார்கள். அந்தப் பதினொரு நாளும் அவள் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அதே கம்பெனிதான் காப்பீட்டு வீடியோவை எடுத்தது. அவசரம் யாருக்கு, பொறுமை யாருக்கு என்று இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. அவள் புகாரை 3 மணி நேரத்தில் தீர்த்திருந்தால் இரண்டு கையையும் தூக்கி வரவேற்றிருப்பேன்.

இதில் கட்சி பார்க்கவும் எனக்கு விருப்பம் இல்லை. தில்லியில் கருத்துரிமைக்காகத் தொண்டை கிழியப் பேசுகிறவர்கள், தங்கள் மாநிலத்தில் மீம் போட்டவனை விடியற்காலையில் வீட்டிலிருந்து கூட்டிப் போகிறார்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லாருக்கும் அரசியல் சட்டம் மனப்பாடம். 66-ஏ செத்து ஆறு ஆண்டு கழிந்து, 2021-லும் அதில் வழக்குப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. இல்லாத பிரிவில் வழக்குப் போடத் தெரிந்த நிர்வாகத்துக்கு, இருக்கும் உத்தரவை ஒரு நகல் எடுக்கத் தெரியாதா?

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டேன்.

உங்களுக்கு இது பெரிய வேலை அல்ல என்பதைத்தான் சொல்ல வந்தேன். 2025 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த உங்கள் திருத்தத்தின்படி, 79-ன் கீழ் அரசுத் துறைகள் நீக்கச் சொல்வதானால் இணைச் செயலாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் பொதுவாகச் சொல்ல வேண்டும். காவல்துறை என்றால் டிஐஜிக்குக் குறையக் கூடாது. சட்டப் பிரிவு, காரணம், எந்தப் பதிவு என்ற முகவரி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை செயலாளர் நிலையில் மறுஆய்வும் உண்டு. நல்ல திருத்தம், பாராட்டுகிறேன். ஆக, காரணம் ஏற்கெனவே எழுதப்படுகிறது. அது கம்பெனிக்குப் போகிறது. அதே தாளை எங்களுக்கும் அனுப்பச் சொல்லி விதியில் ஒரு வரி சேருங்கள். கம்பெனியிடம் எங்கள் மின்னஞ்சல் இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்தே தவறாமல் அனுப்புகிறார்கள்.

நாட்டின் பாதுகாப்பு போன்ற விஷயத்தில் ரகசியம் தேவைப்படலாம். அப்படிப்பட்டதை விலக்காக வையுங்கள், விலக்குக்கும் எழுத்தில் காரணம் வையுங்கள். காஷ்மீர் இணைய முடக்க வழக்கில், 2020 ஜனவரியில், முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவ்வளவு பதற்றமான விஷயத்திலேயே உத்தரவை வெளியிடலாம் என்றால், பயிர்க் காப்பீட்டில் மறைக்க என்ன இருக்கிறது?

கையொப்பத்தைக் கறுப்பு மையால் அடித்து அனுப்பினாலும் சரி. அதிகாரியின் பெயர் எங்களுக்கு வேண்டாம். பிரிவும் காரணமும் தெரிந்தால் போதும். 1.5 சதவீதம்தான் பிரச்சினை என்றால் திருத்தி, வருத்தம் தெரிவித்து மறுபடி போடுகிறோம். கேலிதான் பிரச்சினை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறோம். தயவுசெய்து நகல் ஒன்று கொடுங்கள்.

இப்படிக்கு,
காணாமல் போன 11 நிமிடத்துக்குச் சொந்தக்காரர்களில் ஒருவன்

பி.கு.: இந்த மடலையே வாசித்து வீடியோவாகப் போடலாம் என்கிறாள் தோழி. சஹயோக் பத்தியை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.