பச்சை பெல்ட்டில் ரிவால்வர் வேண்டாம்: டெல்டா வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கைத்துப்பாக்கி உரிமத்துக்கு மனுப் போட்டிருக்கும், போட நினைத்திருக்கும் அரிசி ஆலைக்காரர்கள், நகைக்கடைக்காரர்கள், அடகுக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களிடமிருந்து வருகிற முதல் கேள்வி "எந்த ரிவால்வர் நல்லது?" என்பதுதான். அதை உடம்பில் எங்கே வைத்துக்கொண்டு போவது என்று கேட்பவர் குறைவு. வேட்டிக்கு மேல் கட்டுகிற பச்சை பெல்ட்டில் பணத்துக்கென்று ஒரு பை இருக்கிறதே, அதில் செருகிக்கொண்டால் போச்சு என்று மனசுக்குள் முடிவுகட்டியாகிவிட்டது. இந்த மடல் முக்கியமாக அந்தப் பையைப் பற்றித்தான்.

அந்தப் பை நோட்டுக்காகத் தைத்தது. வாய் அகலம், தோல் தொளதொள, மூடிக்கு ஒரு அழுத்துப் பொத்தான், அவ்வளவுதான். உள்ளே கல்லாச் சாவி, சில்லறை, வெற்றிலைச் சீவல் பொட்டலம். ரிவால்வரின் ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குள் சாவிக்கொத்து நுழைய இடம் தாராளம். ஹேமர் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் பின்பக்கச் சுத்தியல்) கீழே இருக்கும்போது ட்ரிகரை இழுக்க நல்ல பலம் வேண்டும், சாவி தட்டியதும் வெடித்துவிடாது என்பது உண்மை. ஆனால் ஹேமரின் வால் பையின் தையலிலோ மூடியிலோ மாட்டி, நீங்கள் வெடுக்கென்று இழுக்கையில் பின்னால் ஏறி நின்றுகொண்டால், அதற்குப்பிறகு ட்ரிகருக்கு லேசான தொடுதலே போதும். பைக்கில் உட்காரும்போது பை சாய்ந்து, குழல் உங்கள் தொடையைப் பார்க்கிறது. நோட்டை உருவும்போது துப்பாக்கியும் கூட வருகிறது. 700 கிராம் ஒரு பக்கமாகத் தொங்கினால் பெல்ட் இறங்குகிறது, பெல்ட்டோடு வேட்டியும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2016 ஆயுத விதிகளின் 32-ஆம் விதிப்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த உறையில் உடம்போடு சேர்ந்தோ, தோள்பை மாதிரியான ஒன்றிலோ இருக்க வேண்டும். முழுக்க மூடியிருக்க வேண்டும். உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஹேண்டில்பாரில் மாட்டிய மஞ்சள் பை கட்டுப்பாடு ஆகாது.

உங்கள் மாடலுக்கென்றே அச்சில் வார்த்த தடித்த தோல் உறை வாங்குங்கள். ட்ரிகர் வளையம் முழுக்க உள்ளே மறைய வேண்டும், ஹேமருக்கு மேல் ஒரு வார் பூட்ட வேண்டும். உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் காலி ரிவால்வர் கீழே விழக்கூடாது. அதைத் தாங்க வளையாத ஒன்றரை அங்குல பெல்ட் தேவை. வேட்டியை விடமாட்டேன் என்பவர்கள், உள்ளே போடும் அரைக்கால் டிராயரைக் கெட்டித் துணியில் பெல்ட் பட்டைகளோடு தைத்துக்கொள்ளலாம். அந்த பெல்ட்டில் உறை, மேலே சட்டை வெளியே. இடம், வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால். வயிற்றுக்கு முன்னால் வைத்தால் பைக்கில் குனியும்போது குழல் தொடை இடுக்கில் குத்தும். நட்ட நடு முதுகில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் வண்டி சறுக்கினால், முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு இரும்புக்கட்டி இருக்கும்.

எதை வாங்குவது என்பதற்குப் பதில் சின்னது. காலிபர் என்பது குழலின் உள்விட்டம். 9 மி.மீ. போன்றவை சாதாரண உரிமத்தில் கிடைக்காத தடைக் காலிபர், உங்களுக்கு .32 அங்குலம்தான். திருச்சி நவல்பட்டில் துப்பாக்கித் தொழிற்சாலை பக்கத்திலேயே இருக்கிறதே என்பீர்கள், இந்த ரிவால்வர்கள் வருவது கான்பூரிலிருந்து. 2014-இல் வந்த 'நிர்பீக்' டைட்டானியக் கலவை, சுமார் 500 கிராம், நடுவில் மடங்கித் திறக்கும். 2023-இல் வந்த 'பிரபல்' சுமார் 700 கிராம், 76 மி.மீ. குழல், சிலிண்டர் (தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளை) பக்கவாட்டில் திறக்கும். இடுப்புக்கு லேசானது சுகம். சுடும்போது அதுவே அதிகம் துள்ளும். நாங்கள் கனமானதைத்தான் சொல்வோம். கடையில் காலித் துப்பாக்கியோடு டம்மித் தோட்டா போட்டு, ஹேமரைக் கையால் ஏற்றாமல், ட்ரிகரை மட்டும் ஆறு தடவை இழுத்துப் பாருங்கள். நாலாவது தடவையே குழல் முனை ஆடினால், உங்கள் விரலுக்கு அந்தத் துப்பாக்கி ஒத்துவராது.

பழையதை வாங்குபவர்களுக்கு: காலி செய்துவிட்டு ட்ரிகரை முழுக்க இழுத்துப் பிடித்தபடி சிலிண்டரைத் திருகுங்கள். மயிரிழை ஆட்டம் பரவாயில்லை. அதற்கு மேல் நகர்ந்தால் தோட்டா குழலுக்கு நேராக நிற்காது, ஈயத்தைச் சீவிப் பக்கத்தில் துப்பும். மடங்கும் வகையில் மேல் கொக்கியைப் பூட்டிவிட்டுக் குழலை ஆட்டுங்கள், கடகடவென்றால் வேண்டாம். ரொம்பப் பழைய துப்பாக்கியில் ஹேமருக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டா மட்டும் போடுவது நல்லது. கீழே விழுந்து ஹேமரில் அடிபட்டால் வெடிக்கிற ஜாதி அதில் உண்டு. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சூடான வாயு பீறிடும். இடது கை விரல் அங்கே போகவே கூடாது.

நம் ஊர் ஈரத்துக்கு வருவோம். வேதாரண்யம், நாகை பக்கம் உப்புக்காற்றில் சாவியே பூத்துப்போகிறது. வீட்டுக்கு வந்ததும் ரிவால்வரைத் தோல் உறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். தோல் பதனிட்ட உப்பு ஈரத்தை இழுக்கும், உறைக்குள் இருந்தபடியே துரு பிடிக்கும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். மார்கழியில் உறைந்து, நாளடைவில் பிசினாகி, ஹேமர் சோம்பிவிடும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, துணியால் துடைத்து எடுத்த பிறகு மிஞ்சுகிற அளவு போதும். அந்த எண்ணெய்த் துணியைத் தோட்டாப் பெட்டியில் வைக்கக்கூடாது. எண்ணெய் தோட்டாவின் பின்னாலிருக்கும் பற்றவைக்கும் மருந்துக்குள் இறங்கி அதைச் செத்ததாக்கிவிடும். பித்தளையில் பச்சை பூத்த தோட்டாவையும், வாய்க்காலில் நனைந்த தோட்டாவையும் ஒதுக்கி வையுங்கள்.

பயிற்சியில் ஒன்று வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கைப் பார்த்தபடி 30 விநாடி பிடித்துக்கொண்டிருந்து, பிறகு திறவுங்கள். 'டப்' என்று சத்தம் அமுங்கிக் கேட்டால் அதோடு நிறுத்துங்கள். குண்டு குழலில் சிக்கியிருக்கும். பின்னாலேயே இன்னொன்றை அனுப்பினால் குழல் கிழியும். வருஷத்துக்கு ஒரு முறையாவது இலக்கில் சுடாதவர் இடுப்பில் சுமப்பது வெறும் எடைதான்.

வீட்டில் சுவரோடு போல்ட் அடித்த இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. அவசரத்துக்கு எப்படி எடுப்பது என்று கேட்பீர்கள். கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும் உள்பட்டையும் போட்டால் எடுக்க நேரம் கிடைக்கும். பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வருகிற வீட்டில் தலையணைக்கடியில் ரிவால்வர் என்பதை நாங்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டோம்.

பணப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் அது தற்காப்பாக நிற்பது கஷ்டம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்காப்புக்கு எல்லை போடும் 37-ஆம் பிரிவைப் பெட்டி திறக்கும் முன்பே ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து படித்துக்கொள்ளுங்கள். திருவாரூர் ஆழித்தேர், நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணிக் கொடியேற்றம், 2028-இல் வரப்போகும் மகாமகம், பேத்தியின் பள்ளி ஆண்டு விழா, எதற்கும் துப்பாக்கி வரக்கூடாது. தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோவது உரிம நிபந்தனையை மீறுவது. மாப்பிள்ளை அழைப்பில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால், சுத்தம் செய்து, எண்ணெய் ஒற்றி, உறை இல்லாமல் கொடுங்கள். வரிசை எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் எழுதிய ரசீது கையில் வராமல் எழுந்திருக்காதீர்கள். திரும்ப வாங்கும்போது முதலில் திறந்து காலியா என்று பாருங்கள். பிறகு பின்பக்கத்திலிருந்து குழல் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். உள்ளே குளவி கூடு கட்டியிருந்தாலும் அப்போதுதான் தெரியும்.

இப்படிக்கு,
துப்பாக்கிப் பழுதுபார்ப்பிலும் பயிற்சியிலும் இருக்கும் சிலர்