சேமிப்பதற்கு முன் பைட்டுகளைப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய மொழிக் கோப்பு ஒன்றைத் திறந்தால் எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன, என்ன செய்யலாம் என்று வாசகர் ஒருவர் கேட்ட கேள்விக்குத் தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வெளியான பதிலைப் படித்தேன். எடிட்டரில் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைக் கோப்பில் எண்களாக எழுதும் முறையை, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எழுத்து சரியாகத் தெரிந்தவுடன் சேமித்துக்கொள்ளலாம் என்று அதில் கூறப்பட்டிருந்தது. இத்தகைய கோப்புகளைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருபவன் என்ற முறையில், இப்படிச் சோதித்துப் பார்க்கும்போது நேரம் தவறிச் செய்யப்படும் ஒரு சேமிப்பே கோப்பை அழித்துவிடக்கூடும் என்பதை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். கோப்பினுள் என்ன பைட்டுகள் இருக்கின்றன என்பதைப் பதினறும எண்களாகக் காட்டும் கட்டளை வரிக் கருவி, அதிலும் ஜப்பானிய எழுத்துகளை இனங்கண்டு அருகிலேயே காட்டக்கூடிய ஹெக்ஸ் டம்ப் கருவி, இந்தச் சிக்கலுக்கு எடிட்டரைவிடப் பல மடங்கு நம்பகமானது.

ஜப்பானிய எழுத்துகளுக்கு 1978-இல் அந்நாட்டின் தொழில்துறைத் தரநிலை எண்களை வகுத்தது. ஆனால் அந்த எண்களைக் கோப்பில் எவ்வாறு எழுதுவது என்பதில் ஷிஃப்ட் ஜிஸ், ஈயூசி, மின்னஞ்சலில் பெரிதும் புழங்கிய ஐஎஸ்ஓ-2022-ஜேபி என மூன்று வழக்கங்கள் வேரூன்றின. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் முறையான யூனிகோடும், அதைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8-உம் அவற்றுக்குப் பின்னரே வந்தன. தானாகா என்ற பரவலான குடும்பப் பெயரை எடுத்துக்கொள்வோம். வயல், நடு என்ற பொருளுடைய இரண்டு காஞ்சி (சீன வழி வந்த ஜப்பானிய எழுத்து) எழுத்துகள் அவை. ஷிஃப்ட் ஜிஸ் கோப்பில் அந்தப் பெயர் 93 63 92 86 என்று இருக்கும். மின்னஞ்சல் வழக்கில் அதுவே 45 44 43 66 ஆகிவிடும். அதற்கு முன்னும் பின்னும், எழுத்துத் தொகுதி மாறுவதை அறிவிக்கும் தப்பிப்புக் குறிகள் இருக்கும். ஈயூசியில் சி5 சி4 சி3 இ6. யூடிஎஃப்-8-இல், நம் தமிழ் எழுத்துகளைப் போலவே குறிக்கு மூன்று பைட்டுகளாக, இ7 94 பி0 இ4 பி8 ஏடி. (பதினறும முறையில் 10 முதல் 15 வரையுள்ள மதிப்புகளைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளை ஏ முதல் எஃப் வரை தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.)

வழக்கமான டம்ப் கருவிகள் இடப்புறத்தில் கோப்பினுள் உள்ள இடத்தின் எண்ணையும், நடுவில் பதினாறு பைட்டுகளையும், வலப்புறத்தில் அவற்றின் எழுத்து வடிவத்தையும் காட்டும். அந்த வலப்புறம் ஆஸ்கி எழுத்துகளை, அதாவது ஆங்கில எழுத்துகள், எண்கள், குறியீடுகளை மட்டுமே அறியும். மற்றவற்றுக்கெல்லாம் புள்ளி வைத்துவிடும். ஆகவே ஷிஃப்ட் ஜிஸ்ஸில் உள்ள தானாகா, ஒரு புள்ளி, ஆங்கிலச் சிறிய எழுத்து சி, மீண்டும் இரண்டு புள்ளிகள் என்று தெரியும். இரண்டாம் பைட்டான 63 தற்செயலாக ஆஸ்கியின் சி எழுத்தாக அமைந்துவிட்டதே இதற்குக் காரணம். முகவரிப் பட்டியல் ஒன்றை இப்படிப் பார்த்துப் பெயர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது கண்ணைக் கெடுக்கும் வேலை.

ஜப்பானிய எழுத்தை அறிந்த கருவியோ, 93 என்பது இரட்டை பைட்டு எழுத்தின் முதற்பாதி என்று உணர்ந்து, அடுத்த பைட்டையும் சேர்த்துக்கொண்டு, வலப்புறத்தில் அந்தக் காஞ்சியையே காட்டுகிறது. கருவியை எழுதுபவர்களுக்கு இது எளிய வேலை அன்று. காஞ்சி எழுத்து திரையில் இரண்டு இடங்களை அடைத்துக்கொள்வதால் ஷிஃப்ட் ஜிஸ்ஸில் இரண்டு பைட்டுகளும் இரண்டு இடங்களும் பொருந்திவிடுகின்றன. யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்டுகளுக்கு இரண்டு இடம் என்பதால் ஓர் இடைவெளியை நிரப்பியாக வேண்டும். பதினாறு மூன்றால் மீதியின்றி வகுபடாது என்பதால் வரியின் கடைசியில் ஓர் எழுத்து உடைந்து அடுத்த வரிக்குப் போகும். அதைக் கருவி எப்படிக் கையாள்கிறது என்பதைப் பார்த்தே அதன் தரத்தை நான் மதிப்பிடுவேன். எழுத்தை முதல் வரியில் முழுமையாகக் காட்டிவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்தை வெற்றிடமாக விடும் கருவியே எனக்கு ஏற்றது.

புதியவர்கள் இடறும் ஓரிடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெக்ஸ்டம்ப் என்ற பெயரிலேயே உள்ள பழைய கட்டளையை எந்த விருப்பமும் கொடுக்காமல் இயக்கினால், அது பைட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணாகக் காட்டும்; இன்று நாம் பயன்படுத்தும் பெரும்பாலான கணினிகளில் அப்போது வரிசை மாறி, 93 63 92 86 என்பது 6393 8692 என்று வரும். அதை நம்பி எழுத்து அட்டவணையில் தேடுபவர் வேறு எதையோ கண்டெடுப்பார். பெரிய எழுத்து சி விருப்பத்தைக் கொடுத்தால் பைட்டுகள் உள்ள வரிசையிலேயே கிடைக்கும். விம் எடிட்டருடன் வரும் எக்ஸ்எக்ஸ்டி கட்டளையில் இந்தத் தொல்லை இல்லை.

எனக்கு நேர்ந்த இழப்பு ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். என்னுடன் பணியாற்றிய ஒருவர், ஷிஃப்ட் ஜிஸ்ஸில் வந்த பெயர்ப் பட்டியலை யூடிஎஃப்-8 என்று கருதிய எடிட்டரில் திறந்து, குப்பையாகத் தெரிகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பழக்கத்தில் சேமித்துவிட்டார். மூலப்பிரதி எங்களிடம் வேறு இல்லை. நான் டம்ப் எடுத்துப் பார்த்தபோது வரிக்கு வரி இஎஃப் பிஎஃப் பிடி என்ற மூன்று பைட்டுகளே திரும்பத் திரும்ப வந்தன. புரியாத பைட்டுக்குப் பதிலாக யூனிகோடு வைக்கும் மாற்றுக்குறி அது. தானாகாவின் நான்கு பைட்டுகள் பத்தாக வீங்கியிருந்தன. அவற்றில் 63 மட்டும் நடுவில் தனியாக உயிரோடு இருந்தது. 93, 92, 86 ஆகிய மூன்றும் ஒரே குறியாக மாறிவிட்ட பிறகு எது எதுவாக இருந்தது என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. பட்டியலை அனுப்பியவர்களிடமே மறுபடியும் கேட்டு வாங்க நேர்ந்தது.

அதே கோப்பை லத்தீன்-1 (ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம்) என்று கருதித் திறந்து யூடிஎஃப்-8-ஆகச் சேமித்திருந்தால், திரையில் அதுவும் குப்பையாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் டம்ப்பில் சி2 93 63 சி2 92 சி2 86 என்று இருந்திருக்கும். மூலப் பைட்டுகள் அனைத்தும் உள்ளேயே இருப்பதால், திசையை மாற்றி ஒருமுறை குறியாக்கம் செய்தால் பட்டியல் முழுமையாக மீண்டிருக்கும். ஒன்று மீட்கக்கூடியது, மற்றொன்று மீட்க முடியாதது. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிகின்றன. இதனாலேயே எடிட்டரின் திரையை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன்.

குறியாக்கம் இன்னதென்று தெரிந்த பிறகும் கருவி ஓரிரு இடங்களில் புள்ளி காட்டினால் திகைக்க வேண்டியதில்லை. 87 40 என்ற இணை வட்டத்துக்குள் எழுதிய 1 ஆகும். அடிப்படை ஷிஃப்ட் ஜிஸ்ஸில் அதற்கு இடமில்லை, விண்டோஸ் பயன்படுத்தும் 932 என்ற விரிவாக்கத்தில் உண்டு. எனவே கருவிக்கு 932 என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அலைக்கோடான 81 60-உம் இவ்விரண்டுக்கும் இடையே வெவ்வேறு யூனிகோடு எண்ணாக மாறுவதால், குறியாக்கம் மாற்றியபின் தேடலில் அகப்படாமல் போகும். பட்டியல், அட்டவணை என்ற பொருள் தரும் காஞ்சியின் பைட்டுகள் 95 5சி. அந்த 5சி ஆஸ்கியில், நிரல்களில் தனிப்பொருள் கொண்ட பின்சாய்வுக்கோடு என்பதால், கவனமின்றி எழுதப்பட்ட நிரல்கள் அதை விழுங்கிவிட்டு 95-ஐ மட்டும் விட்டுச் செல்வதுண்டு. 95-ஐ அடுத்து 5சி காணாமற்போன வரியை டம்ப்பில் பார்த்த பின்பே, பல நாள் தேடிய பிழை ஒன்றை நான் பிடித்தேன்.

ஆகவே, கோப்பைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, தொடக்கத்து 64 பைட்டுகளை மட்டும் டம்ப் எடுத்துப் பார்த்து, குறியாக்கத்தைக் கருவிக்குச் சொல்லி வலப்புறத்தில் பெயர்கள் தெளிவாக வருகின்றனவா என்று உறுதிசெய்த பிறகே எடிட்டரைத் திறக்கும்படி தங்கள் பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். தங்களுக்குக் கேள்வி அனுப்பிய அந்த வாசகர் கோப்பை இன்னும் சேமிக்காமல் வைத்திருந்தால், இந்தத் திருத்தம் அவருக்கு விரைவில் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்