எதிர்வீட்டு அம்மாவுக்கும் தெருவார் அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

கடந்த வார இறுதியில் பெய்த உறைபனி மழையால் என்ன நேர்ந்தது என்பதை இத்தெருவில் எவருக்கும் நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மின்சாரம் திரும்பி, சாலைகளும் ஓரளவு கால் வைக்கத் தக்கவையாகிவிட்ட இவ்வேளையில், அன்றாட அலுவல்கள் மீண்டும் சூழ்ந்துகொள்வதற்கு முன்பே இம்மடலை எழுதிவிட விரும்புகிறேன். பலரை அலைக்கழித்த அந்தச் சனியும் ஞாயிறும் எங்கள் வீட்டில் மிக அமைதியாக, சொல்லப்போனால் இன்பமாகவே கழிந்தன. இதை வெளிப்படையாகச் சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அந்த அமைதியை எங்களுக்கு ஏற்படுத்திக் கொடுத்தவர்கள் யார் என்று சொல்லாமல் இருப்பது முறையாகாது.

முதலில் எதிர்வீட்டு அம்மா அவர்களுக்கு.

நாங்கள் குடிவந்த நாள் முதல் நமக்குள் ஒரு தலையசைப்புக்கு மேல் பேச்சு இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை மாலை, மழை தொடங்குவதற்குச் சற்று முன்பாக, ஊன்றுகோலுடன் தெருவைக் கடந்து வந்து எங்கள் கதவைத் தட்டினீர்கள். உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு நேரே சமையலறைக்குச் சென்று, பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழுள்ள அலமாரிக் கதவுகளை அகலத் திறந்து வைத்தீர்கள். வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாய்தான் முதலில் உறையும், அறையின் வெப்பம் அதற்கும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்றீர்கள். பிறகு குழாயை மெல்லச் சொட்டும் அளவுக்குத் திருகி வைத்து, அதற்கான காரணத்தையும் பொறுமையாக விளக்கினீர்கள். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும் என்று பள்ளியில் படித்தது எனக்கு நினைவிருந்தது. ஆனால் குழாய் பெரும்பாலும் பனிக்கட்டி அடைத்த இடத்தில் வெடிப்பதில்லை என்பதும், அந்தக் கட்டிக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே சிக்கிக்கொண்ட நீரின் அழுத்தமே அதைப் பிளக்கிறது என்பதும், வாய் சற்றுத் திறந்திருந்தால் அவ்வழுத்தத்துக்குப் போக்கிடம் கிடைத்துவிடும் என்பதும் உங்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அதோடு நீங்கள் கிளம்பியிருந்தாலும் நான் நன்றி மறவேன். நீங்களோ, வீட்டுக்கு வரும் தண்ணீர் முழுவதையும் நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். படிக்கட்டின் அடியில் இருந்த அதைக் காட்டியதும், கோட்டுப் பையிலிருந்து ஒரு சிவப்புத் துணி நாடாவை எடுத்து அதன் கைப்பிடியில் முடிந்தீர்கள். குழாய் வெடித்துவிட்டால் பதற்றத்தில் எதுவும் கண்ணுக்குப் படாது, டார்ச் வெளிச்சம் விழுந்ததும் இது தெரிய வேண்டும் என்றீர்கள். முன்பின் பழகாத ஒரு குடும்பம் இருட்டில் தடுமாறக்கூடும் என்று உங்கள் வீட்டிலேயே அமர்ந்து எண்ணிப் பார்த்து, அதற்கென்று ஒரு நாடாவைக் கத்தரித்துப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டிருக்கிறீர்களே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. போகிற போக்கில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பொத்தானையும் அழுத்தி, அது ஒலிக்கிறதா என்று பார்த்தீர்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆகவே எவ்வளவு குளிர்ந்தாலும் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று என் பிள்ளைகளிடமே சொல்லிவிட்டுப் போனீர்கள். சற்று உட்காரச் சொன்னோம். இன்னும் சில வீடுகள் பாக்கி இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டீர்கள். (உங்கள் ஊன்றுகோலின் நுனியில் பனியைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பற்கள் பொருத்தியிருந்ததைக் கவனித்தேன். பிறரைக் காக்கக் கிளம்பும்போது தம்மையும் காத்துக்கொள்பவர் என்று ஆறுதலாக இருந்தது.)

இரவில் மின்சாரம் நின்றது. விடிந்து பார்த்தபோது, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே இறங்கி, தொட்ட இடத்தில் கட்டியாகிவிடும் அந்த மழை, மரக்கிளை, கம்பி, படி, கைப்பிடி என எதையும் விடாமல் கண்ணாடி உறை போர்த்தியிருந்தது. நாங்கள் எல்லோரும் ஒரே அறைக்குக் குடிபெயர்ந்தோம். கதவின் கீழ் இடைவெளியில் துண்டைச் சுருட்டி வைத்து, வெயில் படும் சன்னலைத் தவிர மற்றவற்றைத் திரையிட்டு மூடி, இருந்த கம்பளிகளையெல்லாம் குவித்துக்கொண்டோம். பிள்ளைகள் பழைய புத்தகங்களை உரக்க வாசித்தார்கள். என் தந்தை, கேட்க ஆளில்லாமல் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த கதைகளை எல்லாம் சொல்லித் தீர்த்தார். எவரும் எங்கும் போக முடியாது, எவரும் எங்களை எங்கும் அழைக்கவும் முடியாது என்பதில் இருந்த நிம்மதியை என்னவென்று சொல்வது! பகலில் உறங்கினோம். கம்பளிக்குள் கதகதப்பாகப் படுத்திருக்கக் கம்பளி மட்டும் போதாது. சுவருக்குள் என்ன நடக்கிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்காத மனமும் வேண்டும். அந்த மனத்தைக் கொடுத்தவர் நீங்கள். சமையலறையில் சொட்டிக்கொண்டிருந்த நீரின் ஓசை எரிச்சலூட்டும் என்றுதான் நினைத்தேன். இரவில் விழிப்பு வந்தபோதெல்லாம் அதைக் கேட்டுவிட்டு மறுபடியும் தூங்கிப்போனேன்.

மற்றவர்களுக்கும் எங்கள் கடன் பெரிது. மழை வரும் முன்பே தெளிவாக எச்சரித்த வானிலையாளர்களுக்கும், இரவெல்லாம் சாலைகளில் உப்பு தூவிய ஓட்டுநர்களுக்கும், பனி கனத்து அறுந்த கம்பிகளைக் கொட்டும் குளிரில் உயரத்தில் நின்று இணைத்த மின்பணியாளர்களுக்கும், மாற்று ஆள் வர முடியாததால் வீடு திரும்பாமல் மருத்துவமனையிலேயே பணியைத் தொடர்ந்த செவிலியர்களுக்கும் நன்றி. கடுங்குளிரில் உப்பின் வேகம் குறைந்துவிடும் என்றறிந்து எங்கள் படிகளில் மணலைத் தூவிச் சென்ற இளைஞர்களுக்கும், நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்திருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரம் உள்ளிருப்பவை தாங்கும் என்று குறுஞ்செய்தி அனுப்பிப் பதற்றத்தைத் தணித்தவருக்கும் நன்றி.

அம்மா, வால்வில் நீங்கள் முடிந்த நாடாவை நாங்கள் அவிழ்க்கப் போவதில்லை. அதே போன்ற சிவப்புத் துணியை வாங்கி, பிள்ளைகளும் நானுமாகத் துண்டுகளாகக் கத்தரித்து வைத்திருக்கிறோம். அடுத்த முறை இத்தகைய எச்சரிக்கை வரும்போது, இந்தப் பக்கத்து வரிசை வீடுகளின் கதவுகளைத் தட்டுவது எங்கள் பொறுப்பு. நீங்கள் தெருவைக் கடக்க வேண்டியதில்லை. மணலும் உப்பும் நிரப்பிய பெட்டி ஒன்று குளிர்காலம் முடியும் வரை எங்கள் வாசலிலேயே இருக்கும். பூட்டு இராது, வேண்டியவர்கள் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
எதிர்வீட்டுக் குடும்பத்தார்