இரவு இரண்டரை மணிக்கு வாழ்க்கையை அளக்காதே

அன்புள்ள கண்ணு,

வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று அளக்க, உன் ஆய்வுக்காக மாணவர்களுக்குக் கொடுத்த வினாத்தாளை நீயும் நிரப்பிப் பார்த்ததாகவும், 35-க்கு 16 வந்ததாகவும் நேற்று போனில் சொன்னாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் அதன்பிறகு எந்த வேலையும் ஓடவில்லை.

உளவியலாளர் எட் டீனரும் அவருடைய சகாக்களும் 1985-ல் வெளியிட்ட ஐந்தே வாக்கியங்கள் அவை என்று விளக்கியதும் நீதான். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. 20 நடுநிலை, அதற்குக் கீழே போனால் மனக்குறை. மறுபடி வாழக் கிடைத்தாலும் பெரிதாக எதையும் மாற்றமாட்டேன் என்று வரும் கடைசி வாக்கியத்துக்கு நீ 1 போட்டாயாம். எத்தனை மணிக்கு நிரப்பினாய் என்று கேட்டேன். இரவு இரண்டரை என்றாய். சாப்பிட்டாயா என்றதற்குப் பதிலே இல்லை.

கண்ணு, அந்த 16-ஐ நான் நம்பமாட்டேன். பொங்கலுக்கு நீ ஏற்காடு வந்தபோது நடந்ததை யோசித்துப் பார். வந்தவுடன் போர்வைக்குள் புகுந்தவள், வார முடிவில் அலாரம் இல்லாமலே எழுந்தாய். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அப்பாவோடு சேர்வராயன் கோயில் வரை நடந்துபோய், திரும்பும் வழியெல்லாம் ஆய்வைப் பற்றியே பேசினாயாம். படிப்பில் மதிப்பெண்ணும் அதேதான், அறைத்தோழியோடு இருந்த மனத்தாங்கலும் அப்படியேதான் இருந்தது. ஆனால் மாறிய பேச்சை நான் காதால் கேட்டேன்.

மனம் சரியில்லாததால்தான் தூக்கம் வரவில்லை என்று நீ சொல்வாய். அதுவும் உண்மைதான், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். செவிலியராக இத்தனை காலம் பார்த்ததில் சொல்கிறேன், மனதை இப்படி நினை என்று அதட்ட முடியாது. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க முடியும். உன் கைக்கு எட்டும் முனையைப் பிடி. ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் பெரியவர்களுக்கு வேண்டும். படிக்கிற பிள்ளைகளுக்கு அதில் விலக்கு கிடையாது.

காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவளிடம் காப்பியை விடச் சொல்லமாட்டேன். அதிலுள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பதுக்குக் குடித்தால் இரண்டு மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். பிற்பகலோடு நிறுத்திக்கொள். காலையில் மெஸ் மூடுவதற்குள் போய் இரண்டு இட்லியாவது சாப்பிடு. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதெல்லாம் சாப்பாட்டில் சேராது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விடுதியிலிருந்து வகுப்புக்கு ஷேர் ஆட்டோவில் போகாமல் நடந்தாலே அதில் பெரும்பகுதி தேறிவிடும்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரமாக மனம் எதிலும் ஒட்டவில்லை என்றால் அது தூக்கத்தோடு முடிகிற விஷயம் இல்லை. எங்களிடம் மறைக்காமல் சொல். உங்கள் பல்கலைக்கழக ஆலோசகரைப் போய்ப் பார். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். 2022-ல் தொடங்கியது, எங்கள் சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களுக்கும் இந்த எண்ணைத்தான் எழுதிக் கொடுக்கிறேன். படிப்பை ஒரு பருவம் தள்ளிப்போட வேண்டி வந்தாலும் அப்பாவுக்கும் எனக்கும் சம்மதமே; பணத்தைப் பற்றி நீ யோசிக்காதே.

வெள்ளிக்கிழமை சேலம் போகும்போது சத்துமாவும் வறுத்த வேர்க்கடலையும் பார்சலில் போட்டுவிடுகிறேன். வந்ததும் போன் செய், பத்து மணிக்கு முன்னால்.

அன்புடன்,
அம்மா